நீரின்மேல் ஒரு காணி: படகுத் தரிப்பிடம் வாங்குதல் இலாபமாகுமா?

ஒருநாட் காலை எமது நண்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். வடமராட்சியிலே நெடுங்காலம் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயிலும் அவருடைய பேத்தியும் உடன் வந்திருந்தாள். ஆசிரியரின் கையிலே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, இங்கிலாந்தின் தென்கரையிலே வாழும் அவருடைய மகன் எழுதிய கடிதம். மற்றையது, அக்கடிதத்துடன் வந்த வண்ண விளம்பரம். நீலக் கடலும் வெண்ணிறப் படகுகளும் அவற்றின் நடுவே கொட்டை எழுத்திற் பொறித்த ‘நூற்றுக்குப் பத்து வீதம்’ என்ற சொற்களும் விளம்பரத்தை அலங்கரித்தன.

மகனின் கடிதம் பின்வருமாறு கூறியது: “ஐயா, இங்கே ஒரு படகுத்துறையிலே தரிப்பிடம் ஒன்று விலைக்கு வருகிறது. விலை 35,000 பவுண். அதனைப் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டால், செலவெல்லாம் போக ஆண்டுக்கு 3,500 பவுண் கையில் நிற்கும் என்கிறார்கள். எந்த வங்கியும் இவ்வளவு தராது. என்னிடம் பாதிப் பணம் உண்டு. அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பையும் விற்றால் மீதியும் சேர்ந்துவிடும். கடற்கரையும் காணியைப் போலத்தானே! இனிமேற் புதிதாக உண்டாகப் போவதில்லை. விலை ஏறுமேயொழிய இறங்காது.”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “மகனிடம் படகு இல்லை. படகில்லாதவனுக்குப் படகு கட்டும் இடம் எதற்கு என்று கேட்க வாய் வருகிறது. ஆனாற் கணக்கைப் பார்த்தாற் சரியாகத்தான் தோன்றுகிறது. உறுதியிலே கையெழுத்திடுவதற்கு முன் உங்களோடு கலந்து பேச வந்தோம்” என்றார்.

உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. ஆயினும், பிள்ளைகளைப் பிறநாடுகளில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியுள்ள இக்காலத்திலே, இத்தகைய கடிதம் நாளை எந்த வீட்டு வாயிலையும் தட்டக்கூடும். ஆதலால், அன்று நாம் மூவரும் ஆராய்ந்தறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

மெரீனா என்பது யாது?

மெரீனா என்றதும் தமிழர் நெஞ்சிலே தோன்றுவது சென்னைக் கடற்கரை. 1880ஆம் ஆண்டுகளில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் என்பவரே அக்கரைக்கு அப்பெயரைச் சூட்டினார். இத்தாலிய மொழியிலே கடல்சார்ந்தது என்னும் பொருள் தரும் சொல் அது. இன்று மேலைநாடுகளில் அச்சொல் வேறொன்றைக் குறிக்கும். உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டிவைக்கப்படும் சிறு துறைமுகமே அங்கு மெரீனா எனப்படும். அதனை நாம் படகுத்துறை என்று வழங்குவோம்.

எமது வடகரையிலே ஒரு வள்ளத்தை நிறுத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. கடலால் வந்தவுடன் நாலு பேர் தோள்கொடுத்து மணலில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. எமது மக்கள் கடலையும் கலத்தையும் அறியாதவர்களுமல்லர். வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்ததை அறியாதார் யார்? கலத்தை விலைக்கு வாங்குவதை நாம் அறிவோம். கலம் நிற்கும் நீரை விலைக்கு வாங்குவதே நமக்குப் புதிது.

இங்கிலாந்தின் நிலை வேறு. சதாம்ப்டன், போர்ட்ஸ்மத் ஆகிய நகரங்களுக்கும் வைட் தீவுக்கும் இடையிலுள்ள சொலென்ட் என்னும் நீரிணையின் கரைகளிலே படகுத்துறைகள் நெருங்கி அமைந்துள்ளன. யாழ்ப்பாணக் கரையிலே கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. சதாம்ப்டனிலோ உவா நாட்களில் ஏறத்தாழ 4 மீற்றர் உயர்ந்து தாழும். ஆகவே அங்குப் படகுகளைக் கற்கரையிற் கட்டிவிட முடியாது. நீரோடு உயர்ந்து நீரோடு தாழும் மிதவை மேடைகளை அமைத்து, ஒவ்வொரு படகுக்கும் அம்மேடையோரமாக ஓர் இடத்தை ஒதுக்குகிறார்கள். குடிநீர்க் குழாய், மின்சாரம், காவல், அலைதடுக்கும் சுவர் ஆகியனவும் அமைக்கிறார்கள். அவ்விடமே தரிப்பிடம். பொதுவாகப் படகின் நீளத்தை மீற்றரால் அளந்து, மீற்றருக்கு இவ்வளவு என ஆண்டுக் கட்டணம் விதிப்பார்கள்.

வாங்குவது எதனை?

தரிப்பிடத்தைப் பெறும் வழிகள் இரண்டு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமம் பெறுவது ஒன்று. பெரும்பாலோர் செய்வது இதுவே. பெருந்தொகை ஒன்றை முன்கூட்டியே செலுத்தி, பல ஆண்டுகளுக்கு அவ்விடத்தைத் தமதாக்கிக்கொள்வது மற்றையது. விளம்பரங்களில் ‘விற்பனைக்கு’ என்று வருவது இந்த இரண்டாவது வகை.

இங்கேதான் கவனம் வேண்டும். விற்பனை என்ற சொல் நம்மை மயக்கிவிடுகிறது. நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்து ஒரு காணியை வாங்கினால், அது நமக்கும் நம் மக்களுக்கும் உரியது. தரிப்பிடம் வாங்குபவர் பெறுவதோ பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை மட்டுமே. தவணை முடிந்தவுடன் அவ்விடம் படகுத்துறைக்காரரிடம் மீளும். வாங்கியவருக்கு ஒரு சதமும் திரும்பாது. இதற்கிடையில், துறையைப் பராமரிப்பதற்கென ஆண்டுக்கட்டணம் ஒன்றையும் அவர் செலுத்திவர வேண்டும்.

யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த ஒற்றியோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றியிலே பணம் கொடுத்தவர், வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனை அனுபவிப்பார். காணிக்காரர் முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி அவரிடம் மீளும். பணமும் கொடுத்தவரிடம் மீளும். தரிப்பிடக் குத்தகையிலே இடம் மீளும், பணம் மீளாது. ஒற்றிக்காரரின் முதல் உறங்கிக்கிடக்கும் முதல். தரிப்பிடக்காரரின் முதலோ, எரியும் மெழுகுதிரி போல ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே போகும் முதல்.

கடல் யாருடையது?

‘ஏன் இவ்வாறு? காணியைப் போல முழுதாக விற்றுவிட்டால் என்ன?’ என்று மாணவர்கள் வினவக்கூடும். கடலை விற்கும் உரிமை பெரும்பாலும் எவருக்கும் இல்லை என்பதே விடை. கி.பி. 533இல் உரோமச் சக்கரவர்த்தி யஸ்டினியன் வெளியிட்ட சட்டநூல், காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் மனிதர் யாவர்க்கும் பொதுவென வகுத்தது. மேலைநாட்டுச் சட்டங்கள் பலவற்றிலே அக்கருத்து இன்றும் வேரூன்றி நிற்கிறது.

பிரான்ஸ் நாட்டிலே 1566ஆம் ஆண்டின் மூலேன் கட்டளை அரசுடைமைகளை விற்கலாகாது என்று விதித்தது. 1681இல் அமைச்சர் கொல்பேரின் முயற்சியால் வந்த கடற்சட்டம், கடற்கரை எதுவரை என வரையறுத்தது. அதன் வழியே இன்றும் அங்குக் கடலடி நிலம் அரசின் பொதுவுடைமை. துறைமுகங் கட்டும் செலவிற் பங்குகொண்டவர்களுக்குத் தரிப்பிட உரிமை வழங்கலாம். ஆனால் அதுவும் 35 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. ஸ்பானியாவின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் கரையையும் கடலையும் பொதுவுடைமையென்றே கூறுகிறது.

இங்கிலாந்திலே கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான கடலடி நிலத்திற் பெரும்பகுதி முடிக்குரிய சொத்து. அதனை நிருவகிக்கும் நிறுவனத்திடமிருந்தே படகுத்துறைக்காரர் பலரும் குத்தகை பெறுகிறார்கள். குத்தகைக்காரர் தம்மிடமுள்ள காலத்தைவிட நீண்ட காலத்தைப் பிறருக்குக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே தரிப்பிடத்தை வாங்குபவர் குத்தகைக்குட் குத்தகை பெறுபவராகிறார். தனியார் நிலத்தைத் தோண்டி நீர்விட்டு அமைத்த துறைகளிற் கூடிய உரிமை கிடைத்தல் கூடும். ஆயின் அவை சிலவே.

அமெரிக்காவிலும் இதே பிணக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1869இல் இலினோய் மாநிலச் சட்டசபை, சிக்காகோ நகரத்தருகே மிச்சிகன் ஏரியின் அடிநிலத்திற் பெரும்பகுதியை ஒரு புகையிரதக் கம்பெனிக்கு வழங்கிவிட்டது. 1873இல் அதே சபை மனம் மாறி அவ்வழங்கலை நீக்கியது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. 1892இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம், அத்தகைய நீர்நிலத்தை மாநிலம் பொதுமக்களின் பொறுப்பாளராக இருந்து காக்கவேண்டுமேயன்றி, ஒரு கம்பெனிக்குக் கைகழுவிக் கொடுத்துவிடலாகாது என்று தீர்ப்பளித்தது.

பிரான்ஸின் தென்கரையிலுள்ள போர்ட் கிறிமோ என்னும் ஊர் இதற்கு நல்ல சான்று. பிரான்சுவா ஸ்புவெரி என்ற கட்டடக் கலைஞர் 1966ஆம் ஆண்டு முதல், சதுப்பு நிலத்திலே வாய்க்கால்கள் வெட்டி அவ்வூரை எழுப்பினார். வீட்டு வாயிற்படியிலே படகு வந்து நிற்கும். வீட்டை வாங்கியோர் முன்னாலுள்ள நீரும் தமதென்றே எண்ணி வாழ்ந்தார்கள். நீருக்கான சலுகைக் காலம் முடிவை நெருங்கியபோதோ, வீட்டுக்காரர்களுக்கும் நகரசபைக்கும் இடையே பிணக்கு மூண்டு நீதிமன்றம் வரை சென்றது. வீடு சொந்தம், வாயிலில் நிற்கும் நீர் இரவல்!

பத்து வீதம் என்னும் மயக்கம்

இவ்வளவையும் நாம் பேசிக்கொண்டிருக்கையில், ஆசிரியரின் பேத்தி விளம்பரத்தை நுணுகிப் படித்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, இந்தக் குத்தகை எத்தனை ஆண்டுக்கு?” என்று வினவினாள். தாளின் அடியிலே எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் விடை இருந்தது: எஞ்சிய காலம் 10 ஆண்டுகள்.

அவள் பென்சிலை எடுத்தாள். ஆண்டுக்கு 3,500 பவுண். பத்து ஆண்டுக்கு 35,000 பவுண். கொடுக்கும் விலையும் 35,000 பவுண். “தாத்தா, மாமா கொடுத்த பணத்தைத்தானே மாமாவுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள்! வட்டி எங்கே?” என்றாள். ஆசிரியர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நாமும் அவளை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

விளம்பரக்காரர் பொய் கூறவில்லை. 35,000க்கு 3,500 என்பது பத்து வீதந்தான். ஆனால் முதல் அப்படியே இருந்து, அதற்கு மேலாகக் கிடைப்பதையே நாம் வட்டி என்கிறோம். இங்கோ முதலே துண்டு துண்டாக வெட்டப்பட்டு, வட்டி என்னும் பெயருடன் திரும்பி வருகிறது. பத்தாம் ஆண்டின் முடிவிலே கணக்குச் சூனியம்.

வங்கியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். வங்கி ஆண்டுக்கு 5 வீதம் கூட்டுவட்டி தருவதாக வைத்துக்கொள்வோம். 35,000 பவுண் பத்து ஆண்டிலே ஏறத்தாழ 57,000 ஆகும். தரிப்பிடத்தை வாங்கி, ஆண்டுதோறும் வரும் 3,500ஐ அதே வங்கியில் அதே வட்டிக்கு இட்டுவந்தால், பத்தாம் ஆண்டிலே சேர்வது ஏறத்தாழ 44,000. ‘பத்து வீதத்தை’ நாடியவருக்கு 13,000 பவுண் நட்டம்!

அங்ஙனமாயின் அத்தரிப்பிடத்தின் நியாயமான விலைதான் என்ன? இதனைக் கணிக்கும் முறையை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று. அடுத்த ஆண்டு கிடைக்கும் 100 பவுண், இன்று கையிலிருக்கும் 100 பவுணுக்குச் சமமாகாது. 5 வீத வட்டியில் இன்று 95 பவுணும் 24 பென்சும் இட்டாலே அடுத்த ஆண்டு 100 ஆகிவிடும். ஆகவே அந்த 100இன் இன்றைய மதிப்பு 95 பவுண் 24 பென்சு. இவ்வாறே ஒவ்வோராண்டு வருவாயையும் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டவேண்டும். ஆண்டுக்கு 3,500 பவுண் தருவது 10 ஆண்டு நீடிக்குமாயின் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 27,000. அதற்கு மேற் கொடுப்பது வீண்.

அதே வருவாய் 25 ஆண்டு நீடிக்குமாயின் மதிப்பு 49,300. 99 ஆண்டு நீடிக்குமாயின் 69,400. என்றென்றும் நீடிக்குமாயினோ 70,000. இந்த எண்களை உற்றுநோக்குங்கள். 99 ஆண்டுக் குத்தகைக்கும் நிரந்தர உரிமைக்கும் இன்றைய மதிப்பில் வேற்றுமை மிகச் சொற்பம். ஆனால் 10 ஆண்டுக் குத்தகை நிரந்தர உரிமையின் மதிப்பிற் பாதியைக்கூட எட்டவில்லை. இன்னும் ஐந்து ஆண்டு கழிந்து ஐந்தே எஞ்சும்போது அது 15,000 அளவிலே நிற்கும். குத்தகைக்காலம் நீண்டிருக்கும்போது மெதுவாகத் தேயும் மதிப்பு, முடிவை நெருங்க நெருங்க விரைந்து தேய்கிறது.

‘கரை புதிதாக உண்டாகாது, விலை ஏறும்’ என்ற மகனின் கூற்றிலும் உண்மை உண்டு. படகுத்துறைகளைப் புதிதாக அமைப்பது எளிதன்று. செலவும் பெரிது, சுற்றாடற் சட்டங்களும் பல. நீண்ட குத்தகையொன்றிலே நிகர வருவாய் ஆண்டுக்கு 2 வீதம் வளர்ந்துவருமாயின், முன்னர் நாம் கூறிய 25 ஆண்டுக் குத்தகையின் மதிப்பு 49,300இலிருந்து ஏறத்தாழ 60,000 ஆக உயரும். ஆயினும் அந்த வளர்ச்சியும் தவணை முடியும் நாளோடு நின்றுவிடும். அருமையான பொருள் என்பதனால் மட்டும் அது நம்முடைய பொருள் ஆகிவிடாது. அவ்வருமையின் பயன் முழுவதும் ஈற்றிலே நிலவுரிமையாளரையே சென்றடையும்.

காற்றும் சேறும் ஒப்பந்தமும்

மேற்கூறிய கணக்கெல்லாம் ஆண்டுதோறும் 3,500 பவுண் தவறாது கிடைக்கும் என்ற நம்பிக்கையின்மேற் கட்டப்பட்டது. அந்நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் கடலின் குணம். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்திலே ‘எம்மா’ என்னும் புயல் வேல்ஸ் நாட்டின் ஹொலிஹெட் துறைமுகத்தைத் தாக்கியது. வடகிழக்கிலிருந்து வீசிய காற்று மிதவை மேடைகளைப் பிய்த்தெறிந்தது. ஏறத்தாழ 80 படகுகள் சேதமுற்றன. 2022 செப்டெம்பரிலே ‘இயன்’ சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள போர்ட் மயர்ஸ் கரையிற் படகுகளைத் துறையிலிருந்து தூக்கித் தெருவிலே குவித்தது. காணி வெள்ளத்தில் மூழ்கினாலும் வெள்ளம் வடிந்தபின் காணி காணியாகவே இருக்கும். மிதவை மேடையோ போனாற் போனதுதான்.

அடுத்தது சேறு. துறையின் உள்ளே அலை அடங்கி நிற்பதால், நீர் கொண்டுவரும் வண்டல் அடியிலே படியும். காலந்தோறும் தோண்டி அகற்றாவிட்டால் படகின் அடி தரைதட்டும். மேடைகளும் சங்கிலிகளும் துருவேறித் தேயும், அவற்றையும் மாற்றவேண்டும். இச்செலவெல்லாம் ஈற்றிலே தரிப்பிடக்காரர் செலுத்தும் ஆண்டுக் கட்டணத்திலே வந்து விழும். கட்டணத்தை உயர்த்தும் உரிமை துறைக்காரரிடம்; செலுத்தும் கடமை வாங்கியவரிடம். வாடகை 6,000, கட்டணம் 2,500, எஞ்சுவது 3,500 என்று வைத்துக்கொண்டால், கட்டணம் ஆயிரம் ஏறியதும் எஞ்சுவது 2,500 ஆகிவிடும்.

மூன்றாவது ஒப்பந்தம். தரிப்பிடத்தைப் பிறருக்கு வாடகைக்கு விடலாமா, அல்லது துறைக்காரர் மூலமாக மட்டுமே விடலாமா? அவருக்குரிய தரகு எவ்வளவு? ஆளில்லாத மாதங்களின் நட்டம் யாருக்கு? பிறருக்கு விற்க அவருடைய சம்மதம் வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் விடை இருத்தல் வேண்டும். ஹொங்கொங்கிலே டிஸ்கவரி பே என்னும் படகுத்துறையில், 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, புதுப்பிக்கும் வேலைக்காக ஆண்டு முடிவதற்குள் படகுகளை அகற்றவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. படகையே வீடாக்கிப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பிவந்த குடும்பங்கள், சில மாதங்களுக்குள் வேறு புகலிடம் தேடவேண்டியதாயிற்று. நீரின்மேல் வாழ்பவனது உரிமை, அவன் கையிலுள்ள தாளின் உரத்தையே பொறுத்தது.

நான்காவது, விற்கும்போது உண்டாகும் இடர். வீட்டைக் குடியிருக்க விரும்பும் எவரும் வாங்குவர். தரிப்பிடத்தை வாங்கக்கூடியவர் படகுடையவர் மட்டுமே. அவர்களிலும் அந்த நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருந்தும் படகுடையவர் மட்டுமே. படகோ இன்பப் பொருள். நாட்டிலே பணமுடை வரும்போது மக்கள் முதலில் கைவிடுவது இன்பப் பொருளையே. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மேலைநாடுகளிற் படகு விற்பனை பெரிதும் வீழ்ச்சியுற்றது. நமக்குப் பணம் வேண்டிய காலமும் பிறர் வாங்க மறுக்கும் காலமும் ஒன்றாகவே வருதல் உலகியல்பு.

யாருக்கு ஏற்றது?

எனவே தரிப்பிடம் வாங்குவதே அறிவீனம் என்று நாம் கூறவில்லை. படகுடைய ஒருவர், அப்படகை அதே துறையிற் பல்லாண்டு வைத்திருக்க எண்ணுகிறார். ஆண்டுக் கட்டணமாக 6,000 பவுண் எப்படியும் செலுத்தியே தீரவேண்டும். அவர் நீண்ட குத்தகை பெற்றாற் பராமரிப்புக் கட்டணமாக 2,500 மட்டும் செலுத்துவார். ஆண்டுக்கு 3,500 மீதமாகும். ஆளில்லாத மாதம் என்பதோ, தரகு என்பதோ, வாடகைக்காரர் ஏமாற்றுவார் என்ற அச்சமோ அவருக்கு இல்லை. இடத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டிய துறையாயின், தமக்கென ஓரிடம் உறுதியாக இருப்பதும் பெரும் பேறே. குத்தகைக்காலம் நீண்டதாயும் விலை மேற்கூறிய கணக்குக்கு உட்பட்டதாயும் இருப்பின், அவர் தாராளமாக வாங்கலாம். அது அவருக்குச் செலவைக் குறைக்கும் வழி.

படகில்லாதவர் இலாபம் கருதி வாங்குவது வேறு செயல். அவர் ஒரு தொழிலைத் தொடங்குகிறார். அத்தொழிலின் கடிவாளமோ துறைக்காரரின் கையில் இருக்கிறது. அத்தகையோர் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது? துறைக்காரரின் சொந்தக் குத்தகை எப்போது முடிகிறது? கடந்த பத்து ஆண்டிலே பராமரிப்புக் கட்டணம் எவ்வாறு ஏறிவந்துள்ளது? வாடகைக்கு விடவும் விற்கவும் தடை உண்டா? புயலழிவுக்குப் பின் மேடையைக் கட்டுவது யார் செலவு? இவ்வைந்துக்கும் ஒரு சட்டத்தரணி எழுத்தைப் பார்த்து விடை கூறும்வரை, பணப்பையின் கயிற்றை அவிழ்க்கலாகாது.

இது பிறநாட்டுக் கதைதானே என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. கொழும்பிலே 2014இல் தொடங்கி 2019இல் நிரப்பி முடித்த துறைமுக நகரத்தின் 269 ஹெக்டயர்ப் பரப்பிலே, உல்லாசப் படகுத்துறை ஒன்றுக்கும் திட்டத்தில் இடமுண்டு. அங்குக் காணிகளே 99 ஆண்டுக் குத்தகையில் முதலீட்டாளருக்கு வழங்கப்படுகின்றன. நாளை வண்ண விளம்பரங்கள் தமிழிலும் வரக்கூடும். வரும்போது, கொட்டை எழுத்தை வாசிக்குமுன் அடியிலுள்ள சிற்றெழுத்தை வாசிக்க நம் பிள்ளைகள் பழகியிருக்கவேண்டும். மாடிவீடாயினும், கடையாயினும், தோட்டமாயினும், தவணை குறித்த எப்பொருளுக்கும் இக்கணக்கு ஒன்றே.

ஆசிரியரின் கடிதம்

அன்றிரவு ஆசிரியர் மகனுக்குக் கடிதம் எழுதினார். அதன் படியை எமக்கும் காட்டினார். “தம்பி, உன் முயற்சியை நான் குறைகூறவில்லை. பணத்தைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் நீ வாங்க நினைப்பது காணியன்று, பத்து வருடம். வருடத்தை வாங்குபவன், வருடம் போனபின் வெறுங்கையோடு நிற்பான். உன் மருமகள் போட்ட கணக்கை இத்துடன் அனுப்புகிறேன். நீயே ஒருமுறை போட்டுப் பார்” என்று எழுதி, பேத்தியின் பென்சிற் கணக்கையும் உடன் வைத்திருந்தார்.

மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. மகன் துறைக்காரரிடம் சென்று அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டானாம். வாடகைக்கு விடுவதாயின் அவர்கள் மூலமாகவே விடவேண்டும் என்றும், அதற்குத் தரகு உண்டு என்றும் கூறினார்களாம். குத்தகையைப் புதுப்பிப்பது பற்றி எழுத்தில் எதுவும் தர மறுத்தார்களாம். “ஐயா, நான் விலையைப் பார்த்தேன், வருவாயைப் பார்த்தேன், காலத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். காணி அங்கேயே இருக்கட்டும். என் பங்குப் பணம் இப்போதைக்கு வங்கியில் இருக்கட்டும். மருமகள் பல்கலைக்கழகம் புகும்போது அவளுடைய புத்தகச் செலவு என்னுடையது” என்று முடித்திருந்தான்.

ஆழம் அறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. நீருக்கு மட்டுமன்றி நீரின்மேல் இடும் முதலுக்கும் அது பொருந்தும். ஆசிரியரின் துணைவியார் மறுமொழியைக் கேட்டபின் ஒன்றும் பேசவில்லை. வெளியே எடுத்து வைத்திருந்த காணி உறுதியைத் துணியிற் சுற்றி, மறுபடியும் பெட்டகத்துள் வைத்துப் பூட்டினார்.